பொத்தான் புலவர்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் தை, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பொத்தான் புலவரை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் பறவையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் பக்கத்தில் நிற்பவரின் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த விரல் காமிராவின் முதுகில் எங்கே போகிறது, எதைத் தடவுகிறது, எதைத் தவறவிடுகிறது என்பதையெல்லாம் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம், "சார், ஐஎஸ்ஓவை மாத்தும்போது கண்ணை எடுத்துடுறீங்க" என்பார்.

அந்த மனிதர் பயந்துபோய்த் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"வ்யூஃபைண்டர்லேர்ந்து சார். நீங்க கண்ணை எடுத்து, பட்டனைத் தேடி, அழுத்தி, திரும்பக் கண்ணை வைக்கிறதுக்குள்ள பறவை மதுராந்தகம் தாண்டியிருக்கும்."

எதிரே மரத்தில் கூழைக்கடா கால்கூட மாற்றி வைக்காமல் உட்கார்ந்திருக்கும். அது புலவரின் வாதத்தைப் பாதிக்காது.

வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். வீட்டுக் கடன் முடிந்திருக்கும். பிள்ளைகள் கல்லூரியில் இருப்பார்கள். பழைய வேலையோ புதிய வேலையோ, சனி, ஞாயிறு ஓய்வு தரும் வேலை. பல பைகள் வைத்த ஒரு மேலங்கி. காமிரா மட்டும் பத்திரிகைக்காரர்களும் கல்யாணக்காரர்களும் வாங்குகிற பெரிய ரகம். அவர் எடுக்கும் படங்கள் மோசமில்லை. சில நன்றாகவே இருக்கும். ஆனால் "படம் அருமை" என்று சொன்னால் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. "இதை எடுக்கும்போது ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூணையும் மாத்தினேன், பிடியைத் தளர்த்தவே இல்லை" என்று அவராகவே சொல்வார். அதற்கு வியந்தால்தான் முகம் மலரும். பறவை அந்தக் காரியத்துக்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அவருடைய கொள்கை ஒரே வரியில் அடங்கும்: நல்ல காமிரா இருட்டில் விரலுக்குத் தெரிய வேண்டும். மின்சாரம் போன நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனால் இதற்குச் செயல்முறை விளக்கமே கிடைக்கும். மெழுகுவர்த்தி தேடாமல் காமிராவைத் தேடி எடுத்து, உடம்பைத் தடவி, "இது ஏஎஃப்-ஆன், இது ஐஎஸ்ஓ, இதோ பாருங்க, குழி மாதிரி இருக்கே, இது வேற" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். கேனான் பாடிகள், அதாவது லென்ஸ் நீங்கலான காமிரா உடம்புகள், சிலவற்றில் ஐஎஸ்ஓ பொத்தானின் தலையில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அந்தப் புள்ளியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசுவார். 2012-இல் வந்த நிக்கான் டி4-இல் பொத்தான்களுக்குள்ளேயே விளக்கு வைத்தார்களே என்று கேட்டுவிடாதீர்கள். "விரலுக்கு எதுக்குங்க வெளிச்சம்?" என்பார்.

சங்கடம் என்னவென்றால், புலவர் சொல்வது முழுக்க உண்மை. ஒரு காலத்தில் ஷட்டர் வேகத்துக்கு உடம்பின் உச்சியில் எண் பொறித்த ஒரு சக்கரம். அப்பர்ச்சருக்கு லென்ஸின் கழுத்தில் ஒரு வளையம். இடதுகை ஒன்றுக்கு, வலதுகை இன்னொன்றுக்கு. 1986-இல் கேனான் டி90 என்ற ஃபிலிம் காமிரா வந்தது. லூய்ஜி கொலானி என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளரின் யோசனையும் சேர்ந்து, மூலை முனை இல்லாமல் வழவழவென்று வளைந்த உடம்பு. ஷட்டர் பொத்தானுக்குப் பின்னாலேயே ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு சக்கரம். 1989-இல் வந்த இஓஎஸ்-1-இல் முதுகுப் பக்கம் கட்டைவிரலுக்கு இன்னொரு பெரிய சக்கரம் சேர்ந்தது. நிக்கான் 1996-இன் எஃப்5-இல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்தது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும் அந்த இரண்டு சக்கரங்கள் இடம் மாறவில்லை. கல்யாண மண்டபத்தில் வியர்வை வழிய நிற்கிற ஆள், மணவறையிலிருந்து கண்ணெடுக்காமல் வெளிச்சத்தைச் சரிசெய்ய முடிகிறது என்றால் அதற்கு இவைதான் காரணம்.

இதையெல்லாம் புலவரும் சொல்வார். ஆனால் கொலானி தன் பெரியப்பா மகன் போலவும், டி90-இன் வளைவை இவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் வரைந்தார் என்பது போலவும் சொல்வார். நிக்கான் கட்சிக்காரராக இருந்தால் கொலானி இருக்கும் இடத்தில் ஜியூஜியாரோ இருப்பார். காருக்கு உருவம் கொடுத்த இத்தாலியக் கைதான் 1980-இல் எஃப்3-க்கும் கொடுத்தது, பிடியிலே ஒரு சிவப்புக் கோடு கிழித்தது என்பதைக் கண் கலங்கச் சொல்வார்.

கட்சி என்றேன் அல்லவா? அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். கேனானில் மேனுவல் முறையில் ஆள்காட்டி விரல் ஷட்டர் வேகத்தை மாற்றும், கட்டைவிரல் அப்பர்ச்சரை மாற்றும். நிக்கானில் நேர்மாறு: கட்டைவிரல் ஷட்டர், ஆள்காட்டி விரல் அப்பர்ச்சர். கேனான் லென்ஸை மாட்ட முன்பக்கமிருந்து பார்த்து வலமாகத் திருக வேண்டும்; நிக்கான் லென்ஸை இடமாக. பழைய நிக்கான்களில் வெளிச்ச அளவுகோலின் கூட்டல் குறி இடப்பக்கம் இருக்கும், கழித்தல் வலப்பக்கம். கணக்குப் பாடத்தில் தேறிய எவருக்கும் இது புரியாது. ஆனால் அதிலேயே பதினைந்து வருடம் ஊறியவருக்கு, கூட்டல் வலப்பக்கம் இருப்பதுதான் அபச்சாரம். வடகலை, தென்கலை வழக்குக்காவது என்றாவது ஒரு தீர்ப்பு வரும், இதற்கு வராது.

ஆகவே கலப்புத் திருமணம் கூடாது என்பது புலவரின் உறுதியான நிலை. பெண் கொடுப்பது பற்றி அல்ல, அதிலே அவர் முற்போக்கு. நண்பர் ஒருவர் கேனான் பாடியை விற்றுவிட்டு நிக்கானுக்கு மாறியபோது, "ஆறு மாசத்துக்கு உங்க கட்டைவிரல் உங்க பேச்சைக் கேக்காது. வண்டி ஓட்டும்போது ஜாக்கிரதை" என்று எச்சரித்து அனுப்பினார். நண்பர் ஆறு மாதமும் பேருந்தில் போனாராம். இது புலவர் சொன்னது. நண்பரிடம் கேட்டால் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது என்கிறார்.

இப்படிப்பட்டவருக்குக் கம்பெனிகள் செய்யும் துரோகங்கள் எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2012-இல் வந்த கேனான் 5டி மார்க் 3-இல், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பொத்தானை வலதுகைக் கட்டைவிரலடியிலிருந்து பிடுங்கித் திரையின் இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். வலது கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டிருந்தவர், இடது கையால் லென்ஸைத் தாங்குவதா, பொத்தானை அழுத்துவதா? 2016-இல் நிக்கான் டி5-இலும் டி500-இலும், ஷட்டருக்குப் பக்கத்தில் காலம் காலமாக இருந்த மோட் பொத்தானை எடுத்துவிட்டு அங்கே ஐஎஸ்ஓவைக் குடியமர்த்தினார்கள். "நியாயமா பார்த்தா நல்ல மாற்றம்தான்" என்று புலவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் கேட்காமல் செய்தது தப்பு.

2018-இல் கேனான் இஓஎஸ் ஆர் வந்தபோது முதுகில் ஒரு தொடுபட்டை வைத்திருந்தார்கள். விரலை இழுத்தால் ஒன்று, தட்டினால் ஒன்று. சக்கரம் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது, விரலுக்கு ஒரு 'டிக்' சத்தம்கூடக் கிடையாது. மூக்கு பட்டால்கூட ஏதோ மாறியது. உலகமெங்கும் படக்காரர்கள் முகம் சுளித்தார்கள். 2020-இல் ஆர்5, ஆர்6 வந்தபோது அந்தப் பட்டையைக் காணோம். புலவர் அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று மனைவி கேட்டார். உங்களிடம்தான் என்றார். அது உண்மை. அந்த அம்மையாருக்கு அந்தப் பட்டையைப் பற்றி டோக்கியோவில் இருக்கும் பொறியாளர்களுக்குச் சமமாகவே தெரியும்.

கம்பெனிக்காரர்கள் இப்படி இடம் மாற்றுகிறார்களே, என்ன செய்வது? நாமே மாற்றிவிடுவது. இங்கேதான் புலவர் பண்டிதராகிறார். பெரிய காமிராக்களில் ஏறக்குறைய எந்தப் பொத்தானுக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். நிக்கானின் மெனுவில் ஏ-யில் தொடங்கி வரிசையாகப் பிரிவுகள் உண்டு. அவற்றில் எஃப் பிரிவு முழுவதும் இதற்கென்றே. மற்றவர்கள் வாழ்நாளில் ஒருமுறை தெரியாமல் அங்கே நுழைந்து பதறி வெளியே வருவார்கள். புலவர் வாரம் ஒருமுறை போய்க் குடித்தனம் நடத்திவிட்டு வருவார். சிவப்பு வீடியோ பொத்தான் ஐஎஸ்ஓ ஆகும். முன்பக்க இடுக்குப் பொத்தான் நிலைமட்டக் கோடு காட்டும். சக்கரம் சுற்றும் திசை தலைகீழாகும். கட்டைவிரலின் வேலை ஆள்காட்டி விரலுக்குப் போகும். இத்தனையும் எதற்கு? எளிமைக்காக.

அந்த மாற்றங்களுக்கெல்லாம் மகுடம், ஃபோகஸ் செய்யும் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்னால் இருக்கும் ஏஎஃப்-ஆன் பொத்தானுக்குக் கொடுப்பது. சாதாரணமாக ஷட்டரை அரை அழுத்து அழுத்தினால் ஃபோகஸ், முழு அழுத்து அழுத்தினால் படம். புலவரின் காமிராவில் ஷட்டருக்கு ஃபோகஸோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டைவிரல் பிடித்திருந்தால் பறக்கும் பறவையை விடாமல் துரத்தும். விட்டுவிட்டால் ஃபோகஸ் இருந்த இடத்தில் நிற்கும். ஒரே நேரத்தில் இரண்டு குணம். விளையாட்டு, காட்டுயிர் எடுக்கிற தொழிற்காரர்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல காரணத்தோடுதான். ஆனால் அவர்கள் காமிராவை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. புலவருக்குக் குடும்பம் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் அவருடைய குடும்பம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இவரும் படத்தில் இருக்க வேண்டும் என்று கடைசிப் பெண் அடம் பிடிக்கிறாள். வழியில் போகும் ஓர் இளைஞரைக் கூப்பிட்டுக் காமிராவைக் கையில் கொடுத்து, "தம்பி, ரொம்ப ஈஸி" என்று தொடங்குவார். "முதல்ல பின்னால கட்டைவிரலை வைங்க. அது இல்லை, அது ஸ்டார். அதுக்குப் பக்கத்துல. புடிச்சாச்சா? விடாதீங்க. எங்க முகத்து மேல கட்டம் வருதா? இப்ப அதை விட்டுட்டு மேல இருக்கிறதை அழுத்துங்க. மூச்சை விட்டுட்டு அழுத்துங்க." அந்தத் தம்பி நேற்றுதான் வேலையில் சேர்ந்தவர் போல எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மேலே இருப்பதை மட்டும் அழுத்திவிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படங்களில் உருண்டைப் பாறை துல்லியமாக இருக்கிறது. ஊட்டியில் பைன் மரங்கள், தஞ்சையில் நந்தி, எல்லாம் துல்லியம். முன்னால் ஒரு மனிதர் வெண்புகை போல நிற்கிறார். அவர் கலந்துகொள்ளாத சுற்றுலாவே கிடையாது, அவர் முகம் தெரியும் சுற்றுலாவும் கிடையாது. மனைவிக்கு இதிலெல்லாம் தலையிட விருப்பமில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, "என்னங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று இரண்டு நொடியில் முடித்துவிடுவார். போனைப் பற்றிப் புலவரின் கருத்து கடுமையானது: கண்ணாடிப் பலகையில் விரலுக்கு என்ன தெரியும்? ஆனால் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினாலும் அதில் படம் விழும் என்று ஒருநாள் தெரிந்துகொண்டதிலிருந்து, "பரவாயில்லை, யோசிக்கிறாங்க" என்று கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

இதில் இன்னொரு சிக்கல். இத்தனை மாற்றங்கள் செய்தவருக்கே எதை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோகும். அதற்காக அவர் ஒரு சீட்டு வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் தட்டச்சு செய்து, லேமினேட் செய்து, மேலங்கியின் இடது பையில் வைத்திருப்பார். ஏரிக்கரையில் கண்ணை எடுக்காதே என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர், ஒரு கையில் காமிராவும் மறு கையில் சீட்டுமாக, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும் காட்சி கூழைக்கடாவுக்கே பழகிவிட்டது.

நிக்கானின் பெரிய பாடிகளில் ஏ, பி, சி, டி என்று நான்கு மெனு வங்கிகள் உண்டு. ஒன்றைப் பறவைக்கு, ஒன்றைக் கச்சேரிக்கு என்று ஒதுக்கிப் பெயரும் வைக்கலாம். புலவர் வைத்தார். ஆனால் அந்த வங்கியின் குணம் என்னவென்றால், உள்ளே இருக்கும்போது எதை மாற்றினாலும் அந்த மாற்றத்தையே சேமித்துக்கொள்ளும். பழையபடி திரும்பி வராது. சிறிய பாடிகளில் யு1, யு2 என்று இருப்பது திரும்பி வரும், தொழிற்காரர்களுக்கென்று செய்த பெரிய பாடியில் வராது! இந்த ஒரு விஷயத்தில் புலவரோடு நானும் சேர்ந்து கோபப்படத் தயார். மூன்று மாதத்தில் அவருடைய 'கச்சேரி' பறவையாகிவிட்டது. 'பறவை' என்னவானது என்று அவருக்கே தெரியவில்லை. மியூசிக் அகாடமி வாசலில் அமைதியாக எடுக்கவேண்டிய இடத்தில் காமிரா இயந்திரத் துப்பாக்கி போலச் சடசடவென்று அடித்தது. சபாக்காரர் ஒருவர் வந்து பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

போன கார்த்திகையில் புலவருக்கு மிரர்லெஸ் காமிராமீது ஆசை வந்தது. வாங்குவதற்கு முன்னால் பொத்தான் பழகிப் பார்க்க வேண்டுமே? வாடகைக் கடையில் டெபாசிட் கட்டி, இரண்டு நாளைக்கு ஒரு பாடி எடுத்தார். வெளியே போகவே இல்லை. சனி, ஞாயிறு முழுவதும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானுக்கும் வேலை மாற்றிக் கொடுத்தார். மொத்தம் எடுத்தது குத்துவிளக்கின் படம், பல கோணங்களில். ஞாயிறு இரவு துடைத்து, பையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கடைப் பையன் லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். மெனுவைப் பார்க்கவில்லை.

திங்கள் அதிகாலை அந்தப் பாடி முகூர்த்தத்துக்குப் போயிற்று. எடுத்துப்போனவர் பல வருடம் மேடையில் நின்றவர். கல்யாணக் குழுக்களில் பாடி கைமாறிக்கொண்டே இருக்கும். இன்று இவர் கையில், நாளை உதவியாளர் கையில், நாளை மறுநாள் வாடகைப் பாடி. அதனால் அவர்கள் யாரும் கம்பெனி கொடுத்த அமைப்பைத் தொடமாட்டார்கள். மோட் சக்கரம் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பாமல் இருக்க மேலே கறுப்பு டேப் ஒட்டுவதோடு சரி.

நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறியது. தாலி எழும்பியது. அவர் ஷட்டரை அரை அழுத்து அழுத்தினார். மாப்பிள்ளை மங்கலாகவே இருந்தார். முழுதும் அழுத்தினார், மங்கலான மாப்பிள்ளை பதிவானார். வெளிச்சம் கூட்டச் சக்கரத்தைத் திருகினார், இருண்டது. இன்னொரு சக்கரத்தைத் திருகினார், ஷட்டர் வேகம் மாறியது. வீடியோவாவது எடுப்போம் என்று சிவப்பை அழுத்தினால் ஐஎஸ்ஓ வந்து நின்றது. கடைசியில் லென்ஸின் பக்கவாட்டுச் சுவிட்சை எம்எஃப்புக்குத் தள்ளி, தன் குருநாதர் காலத்து வித்தையை நினைத்துக்கொண்டு வளையத்தைக் கையால் திருகி, மூன்றாம் முடிச்சைப் பிடித்துவிட்டார். முதல் இரண்டு முடிச்சும் எதிர்ப்பக்கம் நின்ற உதவியாளரின் பாடியில் இருந்தன. மானம் தப்பியது.

அடுத்த நாள் அவர் கடைக்கு வந்து நின்ற கோலத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்லக் கேட்க வேண்டும். "எவன்ணே அது, எனக்கு முன்னால எடுத்தவன்? அவன் கை மனுஷன் கைதானா?" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போது, டெபாசிட் ரசீதோடு புலவர் உள்ளே வந்தார்.

வேறு ஆளாக இருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார். புலவருக்கு அந்தக் கோபம் காதில் விழவே இல்லை. தன்னுடைய அமைப்பை இன்னொருவர், அதுவும் தொழில்முறைக்காரர், நாலு மணி நேரம் கையாண்டிருக்கிறார் என்ற செய்தி மட்டுமே விழுந்தது. அருகில் போய், குரலைத் தாழ்த்தி, "சார், தாலி கட்டினப்புறம்? ரிசப்ஷன் வரைக்கும் அதே பாடியாலதானே எடுத்தீங்க? ஏஎஃப்-ஆன் எப்படி இருந்துது?" என்றார்.

மேடைக்காரர் முறைத்தார். கடைக்காரர் குறுக்கே வந்து நிற்கத் தயாரானார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேடைக்காரர், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல, "பந்தியில எடுக்கும்போது கண்டுபிடிச்சிட்டேன் சார். கட்டைவிரல் பழகினப்புறம்... குரூப் போட்டோவுக்கு ஒரு வாட்டி ஃபோகஸ் வச்சு விட்டா, குறுக்கே குழந்தை ஓடினாலும் அசையலை" என்றார்.

புலவர் இடது பையில் கைவிட்டுச் சீட்டை எடுத்தார். "பக்கத்துலயே ஜெராக்ஸ் இருக்கு, ரெண்டு பக்கமும் எடுத்துக்கோங்க. சிவப்பு பட்டன் மட்டும் உங்களுக்கு வேண்டாம், வீடியோ தேவைப்படும்."

இப்போது அந்தக் குழுவில் உதவியாளர்தான் அழுகிறார். "அண்ணே உங்க பாடியை நான் தொட்டா படமே விழமாட்டேங்குது" என்று அவர் முறையிட, "சீட்டைப் படிடா" என்று பதில் வருகிறதாம். வாடகைக் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே புதிதாக ஓர் அட்டை மாட்டியிருக்கிறார்: ரீசெட் செய்யாமல் திருப்பித் தரப்படும் காமிராக்களுக்கு டெபாசிட்டில் ரூ. 500 பிடித்தம் செய்யப்படும். புலவர் அதைப் படித்துவிட்டு, நியாயமான தொகைதான் என்று சொல்லி, ஐந்நூறை முன்னதாகவே கட்டிவிட்டு அடுத்த பாடியை எடுத்துப்போனார்.